கணினியில் ரோலர் கோஸ்டர் வடிவமைப்பு: கோட்டைவிட விசையைக் கவனியுங்கள்

ரோலர் கோஸ்டர் வடிவமைக்கும் மென்பொருளை முதல்முறை திறப்பவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பார்கள். வானத்தைத் தொடுகிற மாதிரி ஒரு மேடு, அங்கிருந்து செங்குத்தாக ஓர் இறக்கம், கீழே வந்ததும் ஆளைத் தலைகீழாகச் சுற்றிக் கொண்டுவரும் ஒரு லூப், அதை ஒட்டியே இன்னொரு லூப், கடைசியில் திருகு திருகாக நாலைந்து சுழல்கள். வெளியிலிருந்து பார்க்க அருமையாக இருக்கும். வண்டியை ஓடவிட்டால் திரையில் எண்கள் பயமுறுத்தும்: இறக்கத்தின் அடியில் 9 ஜி, அதாவது உடல் எடையைப் போல ஒன்பது மடங்கு அழுத்தம், திருப்பத்தில் பக்கவாட்டில் 4 ஜி. நிஜ வண்டியில் இப்படி நடந்தால் பயணி மயங்கிவிடுவார், கழுத்தும் பிசகிவிடும்.

அந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன, அவற்றை எப்படி அடக்குவது, அதற்கு எந்த மென்பொருள் எப்படி உதவுகிறது என்று புதிதாக வருபவர்களுக்குச் சொல்வதுதான் இந்தக் கட்டுரை. கணக்கு பள்ளிப் பாடத்தைத் தாண்டாது. என் கட்சி ஒன்றுதான்: கை வரைவது தண்டவாளத்தை என்றாலும் மனசு வடிவமைக்க வேண்டியது பயணியின் உடலில் நொடிக்கு நொடி ஏறி இறங்கும் விசையை. இது பிடிபட்டுவிட்டால் மென்பொருளின் மெனுக்களை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். இது பிடிபடாமல் மெனுக்களை மட்டும் கற்றவர்கள் வருஷக்கணக்கில் அழகான, ஆனால் உட்கார முடியாத கோஸ்டர்களையே கட்டிக்கொண்டிருப்பார்கள்.

மென்பொருள்களில் இரண்டு வகை

முதல் வகை, பூங்காவை நடத்தும் விளையாட்டுகள். கிறிஸ் சாயர் உருவாக்கி 1999-இல் வெளிவந்த ரோலர்கோஸ்டர் டைகூன் இதற்கு அடித்தளம் போட்டது. அதில் பாதை துண்டு துண்டாக வரும்: நேர்த் துண்டு, இடப்பக்க வளைவு, ஏற்றம், லூப் என்று தயாராக இருப்பவற்றை ஒன்றோடொன்று கோர்த்துக்கொண்டே போகவேண்டும். கட்டி முடித்ததும் பரபரப்பு, தீவிரம், குமட்டல் என்று மூன்று மதிப்பெண்கள் கிடைக்கும். ஃபிராண்டியர் நிறுவனம் 2016-இல் கொண்டுவந்த பிளானட் கோஸ்டர், துண்டுகளை நீட்டவும் வளைக்கவும் சாய்க்கவும் விட்டது. கடைகள், அலங்காரம், கூட்டம் என்று பூங்கா முழுவதும் அங்கே உயிரோடு இருக்கும். கோஸ்டர் அதில் ஓர் அங்கம் மட்டும்.

இரண்டாம் வகையில் பூங்கா நிர்வாகம் கிடையாது, பாதைதான் எல்லாம். ஓலே லாங்கே உருவாக்கிய நோ லிமிட்ஸ் இதில் முக்கியமானது. முதல் பதிப்பு 2001-இல் வந்தது, நோ லிமிட்ஸ் 2 என்ற புதிய பதிப்பு 2014-இல். டிராக் எங்கே போகவேண்டும், எந்த இடத்தில் எத்தனை டிகிரி சாயவேண்டும், எந்த நீளத்துக்கு பிரேக், வண்டியை மேலே இழுக்கும் செயின் எங்கே, எந்த நிறுவனத்தின் பாணியில் வண்டி என்று ஒவ்வொன்றையும் நீங்களே முடிவு செய்கிறீர்கள். வெக்கோமா போன்ற நிஜ கோஸ்டர் தயாரிப்பாளர்களும் தங்கள் திட்டங்களைக் காட்சிப்படுத்த இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆனால் நிஜ கோஸ்டரைக் கட்டும் கணக்குகள் இதோடு முடிவதில்லை. இரும்பு எத்தனை லட்சம் ஓட்டங்களைத் தாங்கும், பற்றவைத்த இடத்தில் விரிசல் வருமா, அடித்தளம் எவ்வளவு ஆழம் என்பதையெல்லாம் பொறியாளர்கள் தனியான கருவிகளில் கணக்கிடுகிறார்கள். நாம் இங்கே பேசுவது பயணத்தின் வடிவத்தைப் பற்றி.

எதில் தொடங்கலாம்? பூங்கா கட்டும் ஆசை இருந்தால் பிளானட் கோஸ்டர் போதும். கோஸ்டர்தான் ஆசை என்றால் நேராக நோ லிமிட்ஸுக்குப் போவதே நல்லது. முதல் சில நாட்கள் கஷ்டமாக இருக்கும், ஆனால் தவறான பழக்கங்கள் ஒட்டாது.

முதலில் வேகம்

செயின் வண்டியை உச்சிக்கு இழுத்து விட்டுவிட்ட பிறகு அதற்கு மோட்டார் கிடையாது. மீதிப் பயணம் முழுவதும் அந்த உயரத்தைச் செலவழித்துத்தான் ஓடுகிறது. எவ்வளவு இறங்கியதோ அவ்வளவு வேகம். கணக்கு எளிது: இறங்கிய உயரத்தை மீட்டரில் எடுத்து, அதை 2-ஆலும் 9.81-ஆலும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்தால் நொடிக்கு எத்தனை மீட்டர் வேகம் என்று வரும். 50 மீட்டர் இறங்கினால் நொடிக்குச் சுமார் 31 மீட்டர், அதாவது மணிக்கு 113 கிலோமீட்டர். இதில் வண்டியின் எடை எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இது உராய்வும் காற்றும் இல்லாத உலகத்துக் கணக்கு. நிஜத்தில் சக்கரங்களும் காற்றுத் தடையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கிக்கொண்டே இருக்கும். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 2005 முதல் 2024 வரை ஓடிய கிங்டா கா என்ற கோஸ்டரைப் பாருங்கள். அதன் கோபுரம் 139 மீட்டர். உராய்வே இல்லையென்றால் அந்த உச்சியைத் தொட மணிக்கு 188 கிலோமீட்டர் வேகம் போதும். ஆனால் அதைத் தரையில் ஏவியது 206 கிலோமீட்டர் வேகத்தில். கூடுதலாகக் கொடுத்ததில் ஒரு பகுதி உராய்வுக்கும் காற்றுக்கும் போனது, ஒரு பகுதி உச்சியை நிற்காமல் தாண்டுவதற்கு.

நோ லிமிட்ஸ் போன்ற மென்பொருள் உராய்வையும் காற்றையும் சேர்த்தே கணக்கிட்டு வண்டியை ஓட்டிக் காட்டும். நீங்கள் கையில் கணக்குப் போட வேண்டியதில்லை. ஆனால் தோராயமாக மனசில் போடத் தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் அடுத்து வரும் எல்லா முடிவும் வேகத்தை வைத்துத்தான்.

ஜி என்பது என்ன?

நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது உங்கள் உடல் உணர்வது 1 ஜி. 2 ஜி என்றால் எடை இரட்டிப்பானது போல நாற்காலியில் அழுத்தப்படுவீர்கள். பூஜ்யம் என்றால் மிதப்பு. பூஜ்யத்துக்குக் கீழே போனால் உடல் இருக்கையை விட்டு எழும்பி, தொடையில் இருக்கும் கம்பிதான் பிடித்து நிறுத்தும். இதைத்தான் ரசிகர்கள் ஏர்டைம் என்கிறார்கள். கோஸ்டரில் ஏறுவதே இதற்காகத்தான் என்று சொல்பவர்கள் நிறையப் பேர், நானும் அந்தக் கட்சிதான்.

விசை மூன்று திசைகளில் வரும்: தலையிலிருந்து இருக்கை நோக்கி, இடம் வலமாக, முன்பின்னாக. இருக்கை நோக்கி அழுத்துவதை உடல் நன்றாகத் தாங்கும். பெரிய கோஸ்டர்களில் 4 ஜி சாதாரணமாக வரும், சிறிது நேரத்துக்கு அதற்கு மேலும் வரலாம். பக்கவாட்டில் உடலுக்குப் பொறுமை மிகக் குறைவு. அங்கே 1 ஜி வந்தாலே தோள் இருக்கையின் ஓரத்தில் நன்றாக மோதும். விசையின் அளவு மட்டும் அல்ல, அது எத்தனை நேரம் நீடிக்கிறது என்பதும் முக்கியம். நிஜ சவாரிகளுக்கான அமெரிக்கத் தரவிதியான ஏ.எஸ்.டி.எம். எஃப் 2291, ஐரோப்பியத் தரவிதியான ஈ.என். 13814 இரண்டும் இதைக் கணக்கில் எடுக்கின்றன. அரை நொடிக்குச் சரியென்று சொல்லும் விசையை அஞ்சு நொடிக்கு அனுமதிக்காது.

விசை எப்படிப் பிறக்கிறது? வண்டி வளைவில் போகும்போது, வேகத்தின் வர்க்கத்தை வளைவின் ஆரத்தால் வகுத்தால் முடுக்கம் கிடைக்கும். அதை 9.81-ஆல் வகுத்தால் ஜி. இந்த ஒரே சூத்திரத்தை வைத்து ஒரு முழு கோஸ்டரையே தாளில் போடலாம்.

ஓர் உதாரணம் பார்ப்போம். முதல் மேடு 30 மீட்டர் உயரம், பள்ளம் தரையிலிருந்து 2 மீட்டர். இறக்கம் 28 மீட்டர், கொஞ்சம் உராய்வைக் கழித்தால் அடியில் வேகம் நொடிக்கு 23 மீட்டர். பள்ளத்தில் பயணி 4 ஜி உணரவேண்டும் என்று முடிவு செய்கிறீர்கள். அதில் 1 ஜி பூமி கொடுப்பது, மீதி 3 ஜி வளைவு கொடுக்கவேண்டும். 23-இன் வர்க்கம் 529. அதை 3 மடங்கு 9.81-ஆல் வகுத்தால் 18. ஆக, பள்ளத்தின் ஆரம் 18 மீட்டர். அடுத்த மேடு 18 மீட்டர் உயரம் என்று வையுங்கள். அதன் உச்சியில் வேகம் நொடிக்கு 14.7 மீட்டராகக் குறைந்திருக்கும். அங்கே பயணி மிதக்கவேண்டும் என்றால் உச்சியின் ஆரம் 22 மீட்டர். இருக்கையை விட்டு இழுத்துத் தூக்கி மைனஸ் அரை ஜி வரவேண்டும் என்றால் 14.6 மீட்டர். மேடு கொஞ்சம் கூர்மையானதும் அனுபவமே மாறிவிடுகிறது. திரையில் பார்த்தால் இந்த இரண்டு மேடுகளுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது, உட்கார்ந்தவருக்கு நன்றாகத் தெரியும்.

வேகத்தின் வர்க்கம் என்பதால் சின்ன வித்தியாசமும் பெரிதாகத் தாக்கும். மேட்டின் உச்சியில் மைனஸ் 1 ஜி வருமாறு வடிவமைத்த இடத்தில் வண்டி 10 சதவீதம் வேகமாக வந்தால் மைனஸ் 1.4-ஐத் தாண்டிவிடும். நிஜ கோஸ்டர்கள் காலையில் சோம்பலாகவும், சக்கரங்கள் சூடேறிய மாலையில் சுறுசுறுப்பாகவும் ஓடுவதை அடிக்கடி ஏறுபவர்கள் உணர்ந்திருப்பார்கள். வடிவமைக்கும்போது இந்த இடைவெளிக்கு இடம் விடவேண்டும்.

லூப் ஏன் வட்டமாக இல்லை?

புதிதாக வருபவர்கள் செய்யும் லூப் அச்சு அசலாக வட்டமாக இருக்கும். இந்தப் பாடத்தை நிஜ உலகம் பெரிய விலை கொடுத்துக் கற்றது. நியூயார்க்கின் கோனி தீவில் 1895-இல் ஓடத் தொடங்கிய ஃபிளிப் ஃபிளாப் என்ற சவாரியில் ஏறக்குறைய வட்டமான லூப்தான் இருந்தது. அதில் விசை 12 ஜி அளவுக்கு வந்ததாகச் சொல்வார்கள், கழுத்து வலியோடு இறங்கியவர்கள் பலர்.

கணக்கைப் பார்த்தால் காரணம் புரியும். வட்ட லூப்பின் உச்சியில் வண்டி விழாமல் டிராக்கோடு ஒட்டிப் போகக் குறைந்தபட்சம் ஒரு வேகம் வேண்டும். அந்த வேகத்தோடு உச்சியைத் தொட, கீழே நுழையும்போது இருக்கவேண்டிய வேகத்தைக் கணக்கிட்டால், நுழைவிடத்தில் பயணி உணர்வது 6 ஜி என்று வரும். லூப்பைப் பெரிதாக்கினால் குறையுமா? குறையாது. ஆரம் கணக்கிலிருந்தே விழுந்துவிடுகிறது, எந்த அளவு வட்டமாக இருந்தாலும் 6 ஜிதான். அதுவும் நேர் டிராக்கிலிருந்து வட்டத்துக்குள் நுழைந்த அந்தக் கணத்திலேயே, 1 ஜியிலிருந்து 6 ஜிக்கு ஒரே தாவல்.

தீர்வு, வேகம் அதிகமாக இருக்கும் கீழ்ப்பகுதியில் ஆரத்தைப் பெரிதாக வைத்து, வேகம் குறையும் மேல்பகுதியில் சுருக்குவது. லூப் கண்ணீர்த்துளி வடிவத்துக்கு வரும். கலிஃபோர்னியாவின் மேஜிக் மவுண்டன் பூங்காவில் 1976-இல் திறந்த ரெவல்யூஷன் கோஸ்டர் இப்படித்தான் நவீன செங்குத்து லூப்பைக் கொண்டுவந்தது. கட்டியவர் ஜெர்மனியின் அன்டன் ஷ்வார்ட்ஸ்கோஃப், கணக்குப் போட்டவர் பொறியாளர் வெர்னர் ஷ்டெங்கல். இதில் பயன்படும் வளைவுக்குக் குளோத்தாய்டு என்று பெயர். காரை ஒரே வேகத்தில் ஓட்டிக்கொண்டே ஸ்டியரிங்கை ஒரே சீராகத் திருப்பிக்கொண்டு போனால் கார் போகும் பாதை இதுதான். வளைவு சட்டென்று வராமல் தூரத்தோடு சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக இறுகும். ரயில் பாதைகளும் நெடுஞ்சாலைகளும் நேர்க்கோட்டிலிருந்து திருப்பத்துக்குப் போக இதே வளைவைப் பயன்படுத்துகின்றன.

மென்மை

லூப்புக்குச் சொன்னது எல்லா இடத்துக்கும் பொருந்தும். விசை எவ்வளவு என்பது ஒரு கேள்வி, எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பது இன்னொரு கேள்வி. நொடிக்கு 25 மீட்டர் வேகத்தில் வரும் வண்டி 1 ஜியிலிருந்து 3 ஜிக்கு அரை நொடியில் மாறவேண்டும் என்றால், அந்த மாற்றத்துக்கே பன்னிரண்டரை மீட்டர் டிராக்கை ஒதுக்கவேண்டும். ஒதுக்காவிட்டால் அடி விழுந்தது போல இருக்கும்.

மென்பொருளில் நீங்கள் டிராக் முழுவதையும் கையால் வரைவதில்லை. சில புள்ளிகளை முப்பரிமாண வெளியில் நடுகிறீர்கள், அவற்றுக்கு இடையே கணினி வளைகோட்டை ஓட்டுகிறது. பழைய நோ லிமிட்ஸில் இது பெசியே வளைவுகளால் நடந்தது. 1960-களில் ரெனோ கார் தொழிற்சாலையில் கார் உடலை வரைவதற்காகப் பியர் பெசியே பரவலாக்கிய வளைவுகள் அவை. கண்ணுக்கு வழவழப்பாக இருக்கும், ஆனால் இரண்டு வளைவுகள் சேரும் இடத்தில் இறுக்கம் சட்டென்று மாறலாம். கார் கதவுக்கு அது பெரிய குறையில்லை. அதன்மேல் நொடிக்கு 25 மீட்டரில் வண்டி ஓடினால் விசை எண் துள்ளும். 2, 3.4, 2.1, 3.6 என்று பள்ளத்தில் எண் மேலும் கீழும் குதிப்பதைத்தான் கோஸ்டர் வட்டாரத்தில் பம்ப் என்பார்கள். புதியவர்களின் டிராக்கைப் பார்த்தவுடனே கண்டுபிடிக்க முடிகிற அடையாளம் இதுதான்.

நோ லிமிட்ஸ் 2-இல் கோடு புள்ளிகளின் வழியாகவே போகிறது. டிராக்கின் சாய்வை வேறு புள்ளிகளில் தனியாக வைக்கலாம். நிலைமை நிறையவே தேறியிருக்கிறது, ஆனால் பம்ப் தானாக மறையாது. ஆரம்பத்தில் எல்லாருக்கும் வரும் ஆசை, சரியில்லாத இடத்தில் இன்னொரு புள்ளியைச் செருகிச் சரிசெய்வது. அது இன்னும் கெடும். ஒவ்வொரு புதுப் புள்ளியும் கோட்டுக்கு ஒரு புது நெளிவு. மாறாக, புள்ளிகளை நீக்குங்கள். ஒரு மேட்டுக்கு அடிவாரத்தில் ஒன்று, உச்சியில் ஒன்று, மறுபக்கம் ஒன்று என்று தொடங்கி, முடியவே முடியாதபோது மட்டும் இன்னொன்றைச் சேருங்கள். புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கட்டும்.

சாய்வும் ஹார்ட்லைனும்

திருப்பத்தில் டிராக்கைச் சாய்ப்பது எதற்கு? பக்கவாட்டு விசையை இருக்கை நோக்கித் திருப்பிவிட. நொடிக்கு 20 மீட்டர் வேகம், 30 மீட்டர் ஆரம் உள்ள திருப்பத்தில் பக்கவாட்டு முடுக்கம் 1.36 ஜி. டிராக்கை 54 டிகிரி சாய்த்தால் பக்கவாட்டில் எதுவும் தெரியாது, மொத்தமும் சேர்ந்து இருக்கையில் 1.7 ஜி அழுத்தமாக மாறிவிடும். வேண்டுமென்றே குறைவாகச் சாய்த்து, பயணியை வெளிப்பக்கம் தள்ளுவதும் ஒரு ருசிதான். மர கோஸ்டர்களில் அந்த ருசி அதிகம். ஆனால் தெரிந்து செய்யவேண்டும்.

இப்போது எந்த அச்சைச் சுற்றிச் சாய்க்கிறீர்கள் என்ற கேள்வி. தண்டவாளத்தை மையமாக வைத்துத் திருப்பினால் அதற்கு மேலே ஒன்றரை மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் இருக்கும் தலை பெரிய வில்லை வரைந்து வீசப்படும். ஒரு நொடியில் 60 டிகிரி திருப்பினால் தலை அந்த வில்லில் ஒன்றரை மீட்டருக்கும் அதிகமாகப் பயணிக்கும். அதே திருப்பத்தைப் பயணியின் நெஞ்சை மையமாக வைத்துச் செய்தால் தலை அரை மீட்டர்தான் நகரும், உடல் இருந்த இடத்திலேயே சுழல்வது போல இருக்கும். தண்டவாளத்துக்கு மேலே சுமார் ஒரு மீட்டரில், நெஞ்சின் வழியாக ஓடும் இந்தக் கற்பனைக் கோடுதான் ஹார்ட்லைன். உலகம் முழுக்க 500-க்கும் மேற்பட்ட கோஸ்டர்களில் பங்கெடுத்த ஷ்டெங்கல்தான் இந்த முறைக்கும் பேர்போனவர்.

ஹார்ட்லைன் முறையில் நீங்கள் முதலில் நெஞ்சின் பாதையை வரைகிறீர்கள். தண்டவாளம் அதைச் சுற்றித் தானாக வளைந்துகொள்கிறது. அதனால்தான் நிஜமான நவீன கோஸ்டர்களின் தண்டவாளம் திருப்பத்துக்குள் நுழையும் இடத்தில், தேவையில்லாமல் எதிர்ப்பக்கம் ஒருமுறை நெளிந்துவிட்டுத் திரும்புவது போலத் தெரியும். வெளியே நின்று பார்ப்பவருக்கு விநோதமாக இருக்கும் அந்த நெளிவு, உள்ளே உட்கார்ந்தவருக்கு நேர்க்கோடு. ஒரு டிராக் படத்தில் அந்த நெளிவு இருக்கிறதா என்று பாருங்கள், செய்தவர் விஷயம் தெரிந்தவரா என்று புரிந்துவிடும்.

தலைகீழாக யோசிக்கும் கருவி

இதுவரை சொன்னதெல்லாம் வடிவத்தை வரைந்துவிட்டு விசையைப் பார்ப்பது, சரியில்லையென்றால் வடிவத்தை மாற்றி மறுபடி பார்ப்பது. இதற்கு நேர் எதிராக, விசையை முதலில் எழுதிவிட்டு வடிவத்தைக் கணினியிடம் கேட்கும் முறை ஒன்று உண்டு. ஃபோர்ஸ் வெக்டர் டிசைன், சுருக்கமாக எஃப்.வி.டி. என்று சொல்வார்கள். இந்த முறையில் இயங்கும் எஃப்.வி.டி.++ ஒரு திறந்தமூல மென்பொருள். அதில் செய்த டிராக்கை நோ லிமிட்ஸுக்குக் கொண்டுபோகலாம்.

திரையில் மூன்று வரைபடங்கள் இருக்கும்: இருக்கை நோக்கிய விசை, பக்கவாட்டு விசை, சுழலும் வேகம். கீழே நேரம் ஓடும். முதல் ஒரு நொடியில் 1 ஜியிலிருந்து 4 ஜிக்கு மெல்ல ஏறு, ஒன்றரை நொடி அப்படியே நில், அப்புறம் ஒன்றேகால் நொடியில் மைனஸ் 0.8-க்கு இறங்கு, அந்த நேரத்தில் இடப்பக்கம் சுழல ஆரம்பி என்று எழுதுகிறீர்கள். நுழையும் வேகமும் திசையும் கணினிக்குத் தெரியும். அடுத்த கணத்தில் அந்த விசை வரவேண்டும் என்றால் டிராக் எந்தப் பக்கம் எவ்வளவு வளையவேண்டும் என்று அது அடிமேல் அடி வைத்துக் கணக்கிட்டுக்கொண்டே போகும். பம்ப் என்ற பேச்சுக்கே இடமில்லை, ஏனென்றால் விசையின் கோட்டை நீங்களே வழவழப்பாக எழுதியிருக்கிறீர்கள். மனிதக் கை வரையத் துணியாத வடிவங்கள் இதில் பிறக்கும். கொஞ்சம் மேலே எழும்பி, பாதியில் புரண்டு, தலைகீழாகத் தொங்கியபடி நழுவி இறங்கும் அந்த வடிவங்களைப் பார்க்கும்போது எனக்கு இப்போதும் உற்சாகம் பொங்கும்.

இதற்குக் கொடுக்கும் விலையும் உண்டு. ஒவ்வொரு கணமும் முந்தைய கணத்தின் மேல் நிற்பதால், தொடக்கத்தில் கால் நொடியைக் கூட்டினாலும் அதற்குப் பின்னால் உள்ள பாதை முழுவதும் வேறு இடத்துக்குப் பெயர்ந்துவிடும். கடைசியில் டிராக்கைக் கொண்டுவந்து நிலையத்தோடு சேர்ப்பது பெரும்பாடு. பழகியவர்கள் சாகசப் பகுதிகளை எஃப்.வி.டி.யில் செய்துவிட்டு, இடைப்பட்ட அமைதியான நீளங்களையும் கடைசி இணைப்பையும் புள்ளி நட்டு வரைந்துகொள்வார்கள். புதியவர் முதல் நாளே இதில் இறங்க வேண்டியதில்லை. ஆனால் கையால் ஒரு கோஸ்டரை முடித்த பிறகு கட்டாயம் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். திரும்பக் கையால் வரையும்போது கண் மாறியிருக்கும்.

இன்னொன்று. எஃப்.வி.டி. வண்டியை ஒரே ஒரு புள்ளியாக எடுத்துக்கொள்ளும். நிஜ வண்டி நீளமானது. முதல் இறக்கத்தின் விளிம்பில் முன்பெட்டி கிட்டத்தட்ட நின்றுபோன வேகத்தில் எட்டிப் பார்க்கும். கடைசிப் பெட்டி அங்கே வருவதற்குள் பாதி ரயில் கீழே பாய ஆரம்பித்திருக்கும், அதனால் பின்னால் இருப்பவர்கள் விளிம்பைத் தாண்டி இழுத்து வீசப்படுவார்கள். நோ லிமிட்ஸில் எந்த இருக்கையிலும் உட்கார்ந்து பார்க்கலாம். முன், நடு, பின் மூன்றிலும் விசையைப் பார்த்துவிட்டுத்தான் எதையும் முடிவு செய்யவேண்டும்.

முதல் கோஸ்டர்

சிறியதாக ஆரம்பியுங்கள். 30 மீட்டர் மேடு, லூப் வேண்டாம், மூன்று மேடுகள், இரண்டு திருப்பங்கள், பிரேக், நிலையம். மேலே போட்ட கணக்கில் பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது. திரையில் ஓட்டிப் பார்க்கும்போது கண்ணை நம்பாதீர்கள். திரை சின்னது, பார்வைக் கோணம் அகலமானது, எல்லாம் உள்ளதைவிட வேகமாகத் தெரியும். உங்களுக்கு மெதுவாகப் படும் இறக்கம் நிஜத்தில் நெஞ்சடைக்கும். எண்ணைப் பாருங்கள், அளவைப் பாருங்கள். வி.ஆர். கண்ணாடி இருந்தால் அதையும் மாட்டிப் பாருங்கள், நோ லிமிட்ஸ் 2 அதற்கு ஒத்துழைக்கும். உயரமும் தூரமும் அதில்தான் உண்மையாகப் புரியும்.

டிராக் முடிந்ததும் சுரங்கச் சோதனையை ஓட்டுங்கள். பயணியின் கையும் காலும் எட்டக்கூடிய எல்லைக்குள் தூணோ பாலமோ மரமோ குறுக்கிடுகிறதா என்று அது காட்டும். அப்புறம் பிளாக்குகள். பாதையைப் பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதிக்குள் ஒரே சமயத்தில் ஒரு ரயில்தான் இருக்கலாம் என்பது நிஜ கோஸ்டர்களின் அடிப்படைப் பாதுகாப்பு விதி. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் ரயிலை நிறுத்த வழி இருக்கவேண்டும், ஓட்டும் ரயில்களைவிட ஒரு பிளாக்காவது கூடுதலாக இருக்கவேண்டும். நிலையம், செயின், கடைசி பிரேக் என்று மூன்று பிளாக் இருந்தால் இரண்டு ரயில் ஓடும். நோ லிமிட்ஸ் இதை நிஜமாகவே அமல்படுத்தும், தப்பாக அமைத்தால் ரயில் காத்துக்கொண்டே நிற்கும்.

கடைசியாக, பலரும் விட்டுவிடும் ஒரு சோதனை. உராய்வின் அளவைக் கூட்டி வைத்து, பயணிகள் இல்லாத காலி ரயிலை ஓட்டுங்கள். குளிர்ந்த காலையில் முதல் ஓட்டம் இப்படித்தான் இருக்கும். கடைசி மேட்டின் உச்சிக்குக் கொஞ்சம் கீழே ரயில் நின்று, பின்னோக்கி உருண்டு, இரண்டு மேடுகளுக்கு இடையே முன்னும் பின்னுமாக ஆடி அடங்கினால் அந்த மேட்டை ஒன்றிரண்டு மீட்டர் இறக்குங்கள். பிறகு உராய்வைக் குறைத்து வைத்து நிறைந்த ரயிலை ஓட்டி, அதே மேட்டில் கடைசி இருக்கையின் எண்ணைப் பாருங்கள். இரண்டு ஓட்டத்திலும் விசை நீங்கள் வைத்த எல்லைக்குள் இருந்தால் டிராக்கைச் சேமித்துவிட்டுத் தூண்களை நட ஆரம்பிக்கலாம்.